வேலை தேடும் காலத்தில் சிபில்

"வேலை கிடைக்கட்டும், சம்பளம் வரட்டும், சிபிலை அப்புறம் பார்த்துக்கலாம்." காரைக்குடியில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பேசுவதைக் கவனித்தால் இதுதான் அடிக்கடி காதில் விழுகிறது. சிபில் என்று அவர்கள் சொல்வது, வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் நம் கடன் பதிவையும் அதற்குப் போடும் ஸ்கோரையும்தான். செக்காலை ரோட்டில் டீக்கடையில் கேட்டிருக்கிறேன், கோட்டையூர் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், என் சித்தி மகனே போன வாரம் என்னிடம் சொன்னான். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. வேலை இல்லாத காலம்தான் அதைப் பார்க்க வேண்டிய காலம். சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்த வேலை போய், ஊருக்குத் திரும்பி வந்து, நானும் இப்போது வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த இடைவெளியில் புதுக்கடன் எதுவும் வாங்காமலேயே என் ஸ்கோர் ஏறியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். வேலை போனால் ஸ்கோர் தானாக இறங்காது. 300 முதல் 900 வரை போகும் அந்த எண்ணைப் போடும்போது உங்கள் சம்பளம் கணக்கிலேயே சேராது. தவணைகளைத் தேதிக்குள் கட்டினீர்களா, கிரெடிட் கார்டு வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், கணக்குகள் எத்தனை வருஷமாக ஓடுகின்றன, எந்தெந்த வகைக் கடன்கள் இருக்கின்றன, சமீபத்தில் எத்தனை இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பித்தீர்கள் என்பவைதான் அதில் எடை போடப்படுகின்றன. கடன் கொடுக்கும் அதிகாரி சம்பளச் சீட்டைத் தனியாகக் கேட்பார், அது வேறு விஷயம். சம்பளம் நின்ற பிறகு தேதிகள் தவற ஆரம்பிப்பதுதான் ஸ்கோரைச் சாய்க்கிறது. அப்படியென்றால் கையில் கொஞ்சம் பணமே இருக்கிற ஒருவர், எந்தத் தேதியை முதலில் காப்பாற்றுவது என்று தெரிந்துகொண்டால் போதும், பெரும்பாலான சேதத்தைத் தடுத்துவிடலாம்.

இந்த ஊருக்கு இது புரியாத விஷயம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார், அவருடைய மாமனார் பர்மாவில் லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலே வந்தவர். ரங்கூனில் ஒரு கடைக்காரருக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் பக்கத்துக் கடைக்காரர் அடமானம் எதுவும் கேட்காமல் கொடுப்பாராம், சொன்ன தேதியில் திரும்பி வரும் என்ற ஒரே நம்பிக்கையில். தேதி தவறியவரைப் பற்றிய சேதி அடுத்த கப்பலில் தேவகோட்டைக்கு வந்துவிடும், அப்புறம் அந்த வீட்டுப் பையனை எந்தக் கடையிலும் சேர்க்க யோசிப்பார்கள் என்று ஆச்சி சொல்வார். இந்த மண்ணிலிருந்துதான் வங்கிகளே முளைத்தன. கானாடுகாத்தானைச் சேர்ந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அன்று கப்பலில் போன சேதி இன்று கம்ப்யூட்டரில் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 2025 ஜனவரி முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மாதத்துக்கு இரண்டு முறையாவது நம் கடன் விவரத்தை, கணக்கு வைக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கெடுதலும் சீக்கிரம் தெரியும், சரிசெய்ததும் சீக்கிரம் தெரியும்.

அந்தப் பழைய பழக்கத்தில் இன்னொன்றும் திரும்ப வந்திருக்கிறது. வேலைக்கு எடுக்கும் முன் கடன் கணக்கைப் பார்ப்பது.

காரைக்குடியில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். காலையில் கோச்சிங், மதியம் நூலகம், ராத்திரி மாதிரித் தேர்வு என்று ஒரு வருஷம், இரண்டு வருஷம் உழைக்கிறார்கள். அவர்களில் அறிவிப்பை வயது வரம்பு, கட்டணம், பாடத்திட்டம் தாண்டிப் படிப்பவர்கள் குறைவு. பல பொதுத்துறை வங்கிகளுக்குச் சேர்த்துத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் அறிவிப்புகளில் சமீப ஆண்டுகளாகக் கடன் வரலாறு பற்றி ஒரு பத்தி வருகிறது. பணியில் சேரும் நேரத்தில் கடன் வரலாறு ஒழுங்காக இருக்க வேண்டும், சிபிலில் பாதகமாக ஏதாவது காட்டினால் அதைத் திருத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றாவது வாங்கி வர வேண்டும், தவறினால் பணி ஆணை ரத்தாகலாம் என்பது அதன் சாரம். வாசகம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது, அதனால் நீங்கள் எழுதும் தேர்வின் அறிவிப்பை நீங்களே படியுங்கள். ஸ்டேட் வங்கி இதில் இன்னும் கறார். அங்கே அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம் சிபில் காரணமாக ரத்து செய்யப்பட்டு, அவர் வழக்குப் போட்டு, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவு சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. கடன்களையெல்லாம் அடைத்துவிட்டேன் என்ற அவர் வாதம் எடுபடவில்லை. பாக்கி இல்லாமல் இருப்பது மட்டும் போதாது, நடுவில் தவறிய தடமும் இருக்கக் கூடாது என்பதுதான் அங்கே பிரச்சினை. பரீட்சையில் ஜெயித்துவிட்டு, எப்போதோ கட்டாமல் விட்ட செல்போன் தவணையால் வேலையை இழப்பது எவ்வளவு கொடுமை! இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? ரிப்போர்ட்டை எடுங்கள். இந்தியாவில் இப்படிக் கணக்கு வைக்கும் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அவர்களுடைய சொந்த இணையதளத்துக்கே போய் பான் எண், செல்போன் எண் கொடுத்து எடுக்கலாம். காசு கேட்கும் பொத்தான்கள் கண்ணில் படும், அவற்றைத் தாண்டிப் போங்கள். நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று ஒரு வதந்தி பல வருஷமாகச் சுற்றுகிறது, அது தப்பு. கடன் கேட்டு நீங்கள் விண்ணப்பிக்கும்போது வங்கி எடுத்துப் பார்க்கிறதே, அதற்குத்தான் ஸ்கோரில் கொஞ்சம் அடி விழும்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விஷயம் கீழேதான் இருக்கிறது. ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாக, மூன்று வருஷத்துக்கு, கட்டம் கட்டமாக ஒரு வரிசை இருக்கும், எத்தனை நாள் தாமதம் என்று அதில் எழுதியிருக்கும். பூஜ்யம் என்றால் நல்லது, 30, 60, 90 என்று ஏறினால் தொந்தரவு. கணக்கின் நிலையையும் பாருங்கள். முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக இருக்கலாம், நீங்கள் வாங்கவே வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கலாம், பழைய முகவரியும் பிறந்த தேதியும் தப்பாக இருக்கலாம்.

என் ரிப்போர்ட்டில் அப்படி ஒன்று இருந்தது. வாஷிங் மெஷினுக்குத் தவணை போட்டிருந்தோம், கடைசித் தவணை வரை வங்கிக் கணக்கிலிருந்து தேதி பிசகாமல் போயிருந்தது, ஆனால் அந்தக் கடன் இன்னும் முடியவில்லை என்றும் சில நூறு ரூபாய் பாக்கி என்றும் நிதி நிறுவனம் அனுப்பி வைத்திருந்தது. கிளையில் போய்க் கேட்டால் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசச் சொன்னார்கள், அந்த எண்ணில் பேசினால் கிளைக்குப் போகச் சொன்னார்கள். இதில் அலைய வேண்டிய அவசியமே இல்லை. சிபில் தளத்திலேயே அந்தக் கணக்கைத் தொட்டு 'டிஸ்ப்யூட்' போடலாம், அதற்குக் காசு கிடையாது. புகார் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளுக்குள் தன் பங்கை முடிக்க வேண்டும், தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. நான் கடைசித் தவணை காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு புகார் போட்டேன், கெடுவுக்குள் திருத்தி 'முடிந்தது' என்று மாற்றினார்கள். என் ஸ்கோர் ஏறியதில் பெரும்பங்கு இதனால்தான். கவனியுங்கள், அதே தப்பு இன்னொரு நிறுவனத்தின் ரிப்போர்ட்டிலும் இருந்தது, அதையும் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. புகாருக்கு ஒழுங்கான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்க்கும் அதிகாரியிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். 2022 செப்டம்பரிலிருந்து இந்தக் கடன் தகவல் நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

அடுத்தது, இருக்கிற கொஞ்சப் பணத்தை எங்கே கட்டுவது. ஐயாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது, மூன்று இடத்தில் கட்ட வேண்டும் என்றால், ஒரே இடத்தில் கொட்டி அதை அடைத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாகப் பதிவாகிறது, ஆகவே மூன்றிலும் தேதி தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. கிரெடிட் கார்டில் முழுத்தொகை கட்ட முடியாவிட்டால் குறைந்தபட்சத் தொகையாவது கட்டிவிடுங்கள். அப்படிக் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது. ஆனால் மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி ஓடும், அதனால் கார்டை அந்த நாளோடு எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள், மீதியைத் தவணையாக மாற்றித் தரும்படி கேளுங்கள். தேதியை மறந்துவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று பதிவு செய்யவோ அபராதம் போடவோ கார்டு கம்பெனிக்கு உரிமை உண்டு. அந்த மூன்று நாளுக்குள் கட்டிவிடுங்கள். தாமதமே இல்லாவிட்டாலும் 50,000 வரம்பில் 45,000 எடுத்து வைத்திருந்தால் அதுவும் ஸ்கோரை இழுக்கும். முப்பது சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கடைசித் தேதி வரை காத்திராமல், பில் போடும் தேதிக்கு முன்பே கொஞ்சம் கட்டிவிட்டால் பில்லில் தொகை குறைந்து தெரியும்.

சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்றும் சீட்டும் சிபிலில் ஏறாது. அதற்காக அவற்றை ஏமாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. மாமாவிடம் நேரில் போய், "இந்த மூணு மாசம் பேங்க் தவணையை முதலில் கட்டிக்கிறேன் மாமா, உங்களுக்கு அதுக்கப்புறம் தர்றேன்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனிதர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரிடம் அப்படிப் பேச முடியாது.

நகை பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டில் கஷ்டம் வந்தால் எந்தச் சாதியானாலும் எந்த வீடானாலும் முதலில் கை போவது நகைப் பெட்டிக்குத்தான். வேலை இல்லாதவருக்கும் நகைக்கடன் கிடைக்கும், சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள், வட்டியும் கார்டு வட்டியைவிட வெகுவாகக் குறைவு. தவறும் நிலையில் இருக்கும் ஒரு தவணைக் கடனைக் காப்பாற்ற வங்கியில் கொஞ்சம் நகை வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பலருக்குத் தெரியாதது, வங்கி நகைக்கடனும் நிதி நிறுவன நகைக்கடனும் ரிப்போர்ட்டில் ஏறும். கெடு தாண்டினால் அங்கேயும் தாமதம் விழும், நகையும் ஏலத்துக்குப் போகும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். கிடைக்கிறதே என்று அந்த 85-ஐயும் வாங்கிவிட்டால் வட்டி சேர்ந்து வருஷக் கடைசியில் மீட்கவே முடியாமல் போகும். தேவைக்கு மட்டும் வாங்குங்கள், சின்னச் சின்னத் தொகையாகவாவது மாதாமாதம் வட்டியைக் கட்டிக்கொண்டே வாருங்கள்.

இன்னொரு ஆபத்து போன் வழியாக வரும். தவணை இரண்டு மூன்று தவறிவிட்டால், "பாதியைக் கட்டுங்க சார், செட்டில்மென்ட் போட்டு முடிச்சிடலாம்" என்று கூப்பிடுவார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று எழுதுவார்கள், முழுதாகக் கட்டி முடித்ததாக ஆகாது, அடுத்து யார் பார்த்தாலும் இவர் பாதியில் விட்டவர் என்றுதான் படிப்பார்கள். அதற்குப் பதில் தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். அதுவும் ரிப்போர்ட்டில் தெரியத்தான் செய்யும், ஆனாலும் பல மாதம் தவறிய வரிசையைவிட அது எவ்வளவோ மேல். ஏற்கெனவே செட்டில் செய்துவிட்டவர்கள் விட்டுப்போன மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கி, நிலையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். வசூலுக்குக் கூப்பிடுபவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, அது விதி. அதைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதி பயம் போய்விடும்.

கடன் ஆப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். மிகவும் முடியாத நிலை என்றால்கூட, 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி தன் தளத்தில் வைத்திருக்கும் ஆப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்றாவது பாருங்கள். ஒரு வாரத்தில் ஐந்தாறு ஆப்பில் முயன்று பார்த்தால் ஐந்தாறு விசாரணை பதிவாகும், பணத்துக்கு அலைகிறவர் என்று அது காட்டும். அதேபோல வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவரிடம்தான் நண்பர்கள் ஜாமீன் கையெழுத்து கேட்டு வருவார்கள். அவர் தவறினால் உங்கள் ரிப்போர்ட்டில் விழும். நட்பு கெட்டாலும் பரவாயில்லை, இப்போது முடியாது என்று சொல்லுங்கள்.

கடனே வாங்காததால் ஸ்கோரே இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. வங்கியில் ஒரு தொகையை டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கலாம், சம்பளம் கேட்க மாட்டார்கள். மாதம் செல்போன் ரீசார்ஜ் மட்டும் அதில் செய்து முழுத்தொகையையும் கட்டிவந்தால் சில மாதத்தில் வரலாறு உருவாகும். அவசரமில்லை என்றால் இதைச் செய்யாமலும் இருக்கலாம். முதல் முறை கடன் வாங்குபவருக்கு வரலாறு இல்லை என்பதற்காக மட்டுமே விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

கல்விக்கடனை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். இங்கே அழகப்பா வளாகத்துக் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் ஆகட்டும், வெளியூரில் படித்துவிட்டு புதுவயலுக்கும் பள்ளத்தூருக்கும் திரும்பி வந்த பிள்ளைகள் ஆகட்டும், அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். வேலை கிடைத்தால்தான் கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அந்த ஒரு வருஷம் முடிந்ததும் வேலை கிடைத்ததோ இல்லையோ தவணை ஆரம்பித்துவிடும். கட்டாவிட்டால் பிள்ளையின் ரிப்போர்ட்டில் மட்டும் அல்ல, கூடவே கையெழுத்துப் போட்ட அப்பாவின் ரிப்போர்ட்டிலும் விழும், அடுத்த வருஷம் தங்கைக்குக் கடன் கேட்டுப் போகும்போது அப்பா தலைகுனிந்து திரும்புவார். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே, வேலையில்லாத இடைவெளியைக் கருதித் தவணையைத் தள்ளிவைக்க இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் முதல் தவணை தவறுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

வாயால் கேட்டு "பார்க்கலாம் தம்பி" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கடன் கணக்கு எண், படிப்பு முடிந்த மாதம், தவணை ஆரம்பிக்கும் தேதி, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்ற விவரம், எத்தனை மாதம் தள்ளிவைக்கக் கேட்கிறீர்கள், அதுவரை மாதம் எவ்வளவு வட்டியாவது கட்ட முடியும் என்பது, இவ்வளவு போதும். தேர்வு நுழைவுச்சீட்டு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை இரண்டின் நகலையும் இணையுங்கள். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்களிடம் இருக்கும் பிரதியில் கிளை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.